3டி கேமராவில் படம் சரியாக விழ: மவுண்டிங் முதல் ஃபில்டர் வரை முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் ஆட்டோமேஷன் வேலையில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று பல ஊர்களிலிருந்து வந்து, ரோபோவுக்குக் கண்ணாக 3டி கேமராவைப் பொருத்தும் வேலையைப் பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "பாயின்ட் கிளவுட் ஓட்டை ஓட்டையா வருது, எந்த செட்டிங்கை மாத்தணும்?" என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். பாயின்ட் கிளவுடை, அதாவது பார்ட்டின் உருவத்தைக் காட்டும் 3டி புள்ளிக் கூட்டத்தை, மூடிவிட்டு, அது எதிலிருந்து வந்ததோ அந்தச் சாதாரண 2டி படத்தைத் திறந்து பாருங்கள். பார்ட் எங்கே வெளுத்துப் போயிருக்கிறது, எங்கே இருண்டு கிடக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். 3டி-யில் வரும் ஓட்டைகளில் பெரும்பாலானவை வெளிச்சக் கணக்கு சரியில்லாததால் வருபவைதான்.

இங்கே முக்கியமாக ஸ்ட்ரக்சர்டு லைட் கேமராக்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். புரொஜெக்டர் ஒன்று கோடு கோடாகப் பல பேட்டர்ன்களைப் பார்ட் மேல் அடிக்கும். ஒவ்வொன்றையும் கேமரா படமெடுக்கும். அந்தக் கோடுகள் எப்படி வளைந்தன என்பதை வைத்து ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆழம் கணக்கிடப்படும். லேசர் கோடு வைத்த புரொஃபைல் கேமரா, ஸ்டீரியோ கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு பார்ட்டை எடுத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பு பம்ப் ஹவுசிங். வெளித்தோல் கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். ஃபிளாஞ்ச் முகம் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான விளிம்பு) மட்டும் மெஷின் ஆகி, கூலன்ட் (மெஷினில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருக்கும். அது ஒரு நீல பிளாஸ்டிக் கிரேட்டில் குவியலாகக் கிடக்கிறது, ரோபோ ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இந்த ஒரு பார்ட்டிலேயே எல்லாத் தலைவலியும் இருக்கிறது.

படி 1: செட்டிங்குக்கு முன் மவுண்டிங்

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் ஸ்டாண்டைப் பாருங்கள். கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? முக்கோணக் கணக்கில் ஆழம் கண்டுபிடிக்கும் எந்தக் கேமராவிலும் ஆழப் பிழை தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 600 மி.மீ. உயரத்தில் இருந்ததை "ரோபோ கை இடிக்குது" என்று 900 மி.மீ.க்கு ஏற்றினால், தூரம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பிழை 2.25 மடங்கு. புரொஜெக்டர் வெளிச்சமும் அதே இருமடிக் கணக்கில் குறையும் என்பதால் பார்ட் மேல் விழுவதில் பாதிக்கும் குறைவுதான் மிஞ்சும். இந்த இழப்பை எந்த செட்டிங்கும் முழுமையாக ஈடுகட்டாது. அதனால் கிரேட் முழுக்கத் தெரிகிற அளவுக்கு, ரோபோவுக்கு இடம் விட்டு, முடிந்தவரை கிட்டே வையுங்கள்.

அடுத்தது சாய்வு. கேமராவை நேர் செங்குத்தாகக் கீழே பார்க்க வைத்தால், தட்டையாகக் கிடக்கும் ஃபிளாஞ்ச் முகம் புரொஜெக்டர் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி அப்படியே லென்ஸுக்குள் திருப்பி அடிக்கும். 10 டிகிரி அளவுக்குச் சாய்த்துப் பாருங்கள், அந்த வெள்ளைத் திட்டு படத்தை விட்டே நகர்ந்துவிடும். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது புரொஜெக்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திரையில் லைவ் படத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். கிரேட்டின் உள்சுவரிலிருந்து பார்ட் மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் இதிலேயே ஓரளவு குறையும்.

ஸ்டாண்டு ரோபோவின் அடித்தளத்தோடு சேர்த்து வெல்ட் ஆகியிருந்தால், ரோபோ நின்ற பிறகும் கேமரா கொஞ்ச நேரம் ஆடும். முடிந்தால் தனியாக நிறுத்துங்கள்.

படி 2: கூரையைப் பாருங்கள்

இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. ஒரு ஒர்க்ஷாப்பில் தருமபுரிக்கார ஆபரேட்டர் ஒருவர் சொன்னார்: "சார், நைட் ஷிஃப்ட்ல ஒரு தொந்தரவும் இல்ல. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலதான் ரோபோ நின்னு நின்னு எடுக்குது." அண்ணாந்து பார்த்தால், தகரக் கூரைக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் போட்ட பாலிகார்பனேட் ஷீட், நேராகக் கிரேட்டுக்கு மேலே. ஒர்க்ஷாப்புக்குள் சாதாரணமாக 300, 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நேர் வெயில் என்பது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகக் கூடியது. அதில் ஒரு பங்கு ஷீட் வழியாக இறங்கினாலே புரொஜெக்டரின் கோடுகள் மங்கிவிடும்.

பெங்களூரில் சூரியன் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சரியாகத் தலைக்கு மேல் வரும். ஜனவரியில் கமிஷனிங் செய்த (நிறுவி ஓடவிட்ட) லைன் ஏப்ரலில் தகராறு செய்தால் அதற்குக் கேமராவைக் குற்றம் சொல்லக் கூடாது. அதனால் ட்ரையல் எடுக்கும்போதே வெயில் எங்கெல்லாம் நகரும் என்று யோசித்து, கிரேட்டுக்கு மேலே ஒரு கறுப்பு ஷீட் கூடாரம் போட்டுவிடுங்கள். விலை அதிகமில்லை, பலன் பெரிது.

வெளி வெளிச்சம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது? எல்லாப் பேட்டர்னிலும் ஒரே அளவாக இருந்தால் அது கணக்கில் கழிந்துபோகும், உண்மைதான். ஆனால் சென்சார் பிக்சலின் கொள்ளளவில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்கிறது, தன்னோடு வந்த நாய்ஸையும் (தாறுமாறான ஏற்ற இறக்கத்தையும்) விட்டுவிட்டுப் போகிறது. கோடுகளுக்கு மிஞ்சும் இடம் குறைகிறது.

படி 3: சூடாக விடுங்கள், ஆட்டோவை அணையுங்கள்

கேமராவை ஆன் செய்த உடனே டியூன் செய்யாதீர்கள். லைன் ஓடும்போது எவ்வளவு இடைவெளியில் படமெடுக்குமோ அதே இடைவெளியில் ஒரு அரை மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். உள்ளே வெப்பநிலை மாறும்போது லென்ஸும் சென்சாரும் நுண்ணிய அளவில் நகரும், அளவுகளும் நகரும்.

எக்ஸ்போஷர் (சென்சார் வெளிச்சம் வாங்கும் நேரம்), கெயின் (சென்சார் சிக்னலைப் பெருக்குவது) இரண்டிலும் ஆட்டோ அணைந்திருக்க வேண்டும். 2டி படத்தில் காமா (வெளிச்சத்தைப் பிக்சல் எண்ணாக மாற்றும் வளைவு) 1 என்று இருக்க வேண்டும். காமா வேறாக இருந்தால் வெளிச்சத்தை இரட்டித்தாலும் பிக்சல் எண் இரட்டிக்காது, அப்புறம் கீழே சொல்லும் கணக்கு எதுவும் உங்களுக்கு ஒத்துவராது.

படி 4: எதை முதலில் திருப்புவது

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உங்கள் கையில் நான்கு திருகுகள்: எக்ஸ்போஷர் நேரம், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), புரொஜெக்டர் பிரைட்னஸ், கெயின். நான்கும் படத்தைப் பிரகாசமாக்கும், ஆனால் நான்கும் ஒன்றல்ல.

புரொஜெக்டரை முதலில் முழு அளவில் வையுங்கள். ஏனென்றால் இது மட்டும்தான் கோடுகளை மட்டும் கூட்டுகிறது. மற்ற மூன்றும் கூரை வெளிச்சத்தையும் சேர்த்தே கூட்டும்.

அப்பர்ச்சரைக் கிரேட்டின் ஆழம் தீர்மானிக்கட்டும். மேலே கிடக்கும் பார்ட்டும் அடியில் கிடக்கும் பார்ட்டும் இரண்டும் ஃபோகஸில் இருக்க வேண்டும். எஃப் 5.6-இல் ஆரம்பியுங்கள். 300 மி.மீ. ஆழக் கிரேட்டில் அடிப்பார்ட் மங்கலாகத் தெரிந்தால் 8-க்குப் போங்கள். எஃப் எண் 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும், அதைத்தான் ஒரு ஸ்டாப் என்கிறோம். 16-ஐத் தாண்டினால் டிஃப்ராக்ஷனால் (சிறிய திறப்பில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுக்கவே கூர்மை போய்விடும், அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: கையால் திருப்பும் லென்ஸாக இருந்தால், ஃபோகஸ் வளையத்தைத் தொட்ட மாத்திரத்தில் பழைய கேலிபிரேஷன் (கேமராவின் அளவுச் சரிசெய்தல்) செல்லாது. அப்பர்ச்சரைத் தொட்டாலும் திரும்பச் சரிபார்ப்பது நல்லது. முடித்ததும் லாக் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஃபேக்டரியில் சீல் செய்து வந்த கேமராவில் லென்ஸ் பக்கம் கையே வைக்காதீர்கள்.

எக்ஸ்போஷர் நேரத்துக்கு நம் நாட்டில் ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன, அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. எக்ஸ்போஷரை 10, 20, 30, 40 என்று பத்தின் மடங்காக வைத்தால் ஒவ்வொரு பேட்டர்னும் விளக்கிலிருந்து ஒரே அளவு வெளிச்சம் வாங்கும். 8.33 என்ற எண் கேமராவில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான கணக்கு, மாற்றுங்கள். விளக்கு ஆடுகிறதா என்று தெரிய, போனில் ஸ்லோ மோஷனில் கூரை விளக்கைப் படமெடுத்தால் போதும், பளிச் பளிச்சென்று தெரிந்துவிடும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது 50 என்பது கொஞ்சம் நகரும். கூடாரம் போட்டிருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எக்ஸ்போஷரை ரொம்பச் சின்னதாக்கவும் கூடாது. பல புரொஜெக்டர்கள் நுண் கண்ணாடிகளை அதிவேகமாகத் திறந்து மூடித்தான் சாம்பல் நிற அளவுகளை உருவாக்குகின்றன. அந்தச் சுற்று முடிவதற்குள் கேமரா கண்ணை மூடினால் பேட்டர்ன் அரைகுறையாகப் பதியும். மேனுவலில் குறைந்தபட்ச நேரம் என்று போட்டிருப்பது இதற்காகத்தான்.

கெயின் கடைசி. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடுவது போல, கெயின் ஏறினால் நாய்ஸும் ஏறும். புதிதாக ஒரு போட்டான்கூட உள்ளே வரப் போவதில்லை. உண்மையான வெளிச்சத்தை நான்கு மடங்காக்கினால் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் இரண்டு மடங்காகும். கெயினில் 12 டெசிபல் ஏற்றினால் எண் நான்கு மடங்காகத் தெரியும், விகிதம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். சைக்கிள் டைம் (ஒரு பார்ட்டை எடுத்து முடிக்கும் நேரம்) நெருக்கி, வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடுங்கள்.

படி 5: ஒற்றை எக்ஸ்போஷரில் எது வருகிறது என்று பாருங்கள்

புரொஜெக்டர் முழு அளவு, எஃப் 5.6, 10 மில்லிசெகண்டு, கெயின் பூஜ்யம். முழு வெள்ளை பேட்டர்ன் அடிக்கும்போது வரும் 2டி படத்தில் மவுஸை வைத்துப் பிக்சல் எண்களைப் படியுங்கள். 8 பிட் படத்தில் 255 என்றால் அந்த இடம் நிரம்பி வழிந்துவிட்டது. அது 256-ஆ 2,000-ஆ என்று சென்சாருக்கே தெரியாது. பார்ட்டின் முக்கியமான இடங்கள் 230-க்குக் கீழே இருக்கட்டும். இருட்டுப் பக்கத்தில், வெள்ளை பேட்டர்னுக்கும் கறுப்பு பேட்டர்னுக்கும் நடுவே குறைந்தது 30, 40 வித்தியாசமாவது வேண்டும் என்பது என் கைக்கணக்கு. வெறும் பிரகாசத்தை நம்பாமல் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள், ஆழக் கணக்குக்கு உதவுவது அதுதான்.

நம் பம்ப் ஹவுசிங்கில் என்ன நடக்கும்? ஃபிளாஞ்ச் 255-இல் அடைத்து நிற்கும். வார்ப்புத் தோல் 15, 20-இல் கிடக்கும். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் வராது. ரோபோ வார்ப்புத் தோலைப் பிடித்துத்தான் தூக்கப் போகிறது, ஃபிளாஞ்ச் தெரிய வேண்டியதே இல்லை என்றால், தோலுக்கு மட்டும் எக்ஸ்போஷர் வைத்துவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிறையப் பேர் பார்ட் முழுக்கத் தெரிந்தாக வேண்டும் என்று நேரத்தைச் செலவழிக்கிறார்கள். கிரிப்பர் எங்கே பிடிக்கும், மேட்சிங் (படத்தில் பார்ட்டை அடையாளம் காண்பது) எந்த விளிம்பை வைத்து நடக்கும் என்று முதலில் கேளுங்கள்.

படி 6: எச்.டி.ஆர்.

இரண்டும் வேண்டும் என்றால் பல எக்ஸ்போஷர்களில் எடுத்துச் சேர்க்க வேண்டியதுதான், அதுதான் எச்.டி.ஆர். ஒழுங்கு இது. முதலில் பளபளப்புப் பக்கம். ஃபிளாஞ்ச் 255-இலிருந்து இறங்கி 200 பக்கம் வரும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறையுங்கள். நம் பார்ட்டில் மூன்று ஸ்டாப் இறங்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்போஷர் நேரத்தை 10-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னேன், அதனால் லென்ஸ் எலக்ட்ரானிக்காக இருந்தால் அப்பர்ச்சரை 5.6-இலிருந்து 16-க்குக் கொண்டுபோகலாம். கையால் திருப்பும் லென்ஸ் என்றால் புரொஜெக்டரை எட்டில் ஒரு பங்காக்க வேண்டும். இதில் கூரை வெளிச்சம் அப்படியே நிற்க, கோடுகள் மட்டும் மங்கும். கூடாரம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்து இருட்டுப் பக்கம். 10-ஐ 40 மில்லிசெகண்டு ஆக்கினால் இரண்டு ஸ்டாப். அப்பர்ச்சரை 4-க்குத் திறந்தால் இன்னொன்று. தோல் இப்போது நன்றாகத் தெரியும். ஃபோகஸ் ஆழம் குறைந்ததால் அடிப்பார்ட் மங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மங்கினால் 5.6-இலேயே விட்டுவிட்டு நேரத்தை 80 ஆக்குங்கள்.

நடுவில் நாம் முதலில் வைத்த 10 மில்லிசெகண்டு படம். ஆக மூன்று. இரண்டு ஓரங்களுக்கும் நடுவே ஆறு ஸ்டாப் இடைவெளி, மூன்றே படத்தில் அடங்கிவிட்டது. ஐந்து, ஆறு படம் வைப்பவர்களைப் பார்க்கிறேன், பெரும்பாலும் தேவையில்லை. நேரத்தைக் கணக்கிடுங்கள்: ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் 12 பேட்டர்ன் என்றால், 12 முறை 10, 12 முறை 10, 12 முறை 40, மொத்தம் 720 மில்லிசெகண்டு. இதற்கு மேல் கணக்கீட்டு நேரம், டேட்டா போகும் நேரம். ரோபோ பார்ட்டை வைக்கப் போகிற நேரத்தில் படமெடுத்துவிட்டால் இது சைக்கிள் டைமில் ஏறவே ஏறாது. ரோபோ கை பார்வையிலிருந்து விலகிய கணமே டிரிகர் (படமெடுக்கச் சொல்லும் சிக்னல்) கொடுங்கள்.

மூன்று படமும் முடியும்வரை பார்ட் அசையக் கூடாது. குவியலில் ஒரு பார்ட்டை எடுத்ததும் பக்கத்துப் பார்ட் சரிந்து உருளும். அது நிற்கக் கொஞ்ச நேரம் கொடுத்துத்தான் டிரிகர் கொடுக்க வேண்டும்.

படி 7: அலை அலையாக வந்தால்

தட்டையான ஃபிளாஞ்ச் மேல் தகரக் கூரை மாதிரி வரிவரியாக அலை தெரிகிறது என்பது அடிக்கடி வரும் புகார். உடனே ஸ்மூத்திங் ஃபில்டரைப் போட்டு அமுக்கிவிடுகிறார்கள், காரணம் அப்படியே உள்ளே கிடக்கிறது. பார்ட்டைத் தொடாமல் வரிசையாகப் பத்துப் படம் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

அலை ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் அசையாமல் நின்றால், சாச்சுரேஷன், அதாவது பிக்சல் நிரம்பி வழிவது. கோட்டின் உச்சி 255-இல் வெட்டுப்பட்டதால் ஃபேஸ் (கோட்டின் இடம்) கணக்கு சாய்கிறது. பளபளப்புக்கான எக்ஸ்போஷரை இன்னும் ஒரு ஸ்டாப் இறக்குங்கள். அலை படத்துக்குப் படம் இடம் மாறினால் விளக்கு ஆடுகிறது. எக்ஸ்போஷர் பத்தின் மடங்கா என்று பாருங்கள், கூரை விளக்கை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். சில படங்களில் மட்டும் திடீரென்று வந்து, மற்றவை சுத்தமாக இருந்தால், பக்கத்தில் பவர் பிரஸ் ஓடுகிறதா, ஃபோர்க்லிஃப்ட் போகிறதா என்று காதையும் தீட்டுங்கள், அது அதிர்வு. அலையே இல்லை, ஆனால் கிரேட் சுவருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மேடு எழும்பி நிற்கிறது என்றால், சுவரில் பட்ட கோடு பார்ட் மேல் மறுபடி விழுகிறது. எக்ஸ்போஷரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. சாய்வை மாற்றுங்கள், இல்லையென்றால் கிரேட்டின் உட்புறத்தை மேட் கறுப்பாக்குங்கள்.

படி 8: ஃபில்டர்

இதுவரை எல்லா ஃபில்டரையும் அணைத்து வைத்திருந்தீர்கள் என்று நம்புகிறேன். இப்போது ஒவ்வொன்றாக. முதலில் நாய்ஸ் ஃபில்டர்: சிக்னல் விகிதம் குறைந்த புள்ளிகளைத் தூக்கிவிடும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பார்ட் மேல் ஓட்டை விழ ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பிறகு அந்தரத்தில் மிதக்கும் புள்ளிகளுக்கு அவுட்லையர் ஃபில்டர். ஸ்மூத்திங் கடைசி, குறைந்த அளவில். ஒரு பிக்சலுக்கு 0.4 மி.மீ. இருக்கும்போது 5 பிக்சல் ஸ்மூத்திங் போட்டால் 2 மி.மீ. அகலத்துக்கு எல்லா விளிம்பும் மழுங்கும். மேட்சிங் அந்த விளிம்பை நம்பியிருந்தால் படம் அழகாகவும் பிடி தவறாகவும் வரும்.

படி 9: கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள்

ஃபில்டர்களை அணைத்துவிட்டு, அசையாத ஒரு மேட் தகட்டை 30 முறை படமெடுத்து, ஒவ்வொரு பிக்சலிலும் ஆழத்தின் திட்ட விலக்கத்தை (எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை) கணக்கிடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான நாய்ஸ். கிரேட்டின் மேல்மட்டத்தில் ஒரு முறை, அடிமட்டத்தில் ஒரு முறை. கிரிப்பரின் சகிப்பு அளவுக்கு இது எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள்.

நாய்ஸ் குறைவு என்பதாலேயே அளவு சரி என்று ஆகிவிடாது. ஒர்க்ஷாப்பில் இருக்கும் ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக்கட்டை) இரண்டை ஒரு தட்டையான பிளேட் மேல் வைத்து, கிராக் டெஸ்டுக்குப் பயன்படுத்தும் வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரேயை லேசாக அடித்து, உயர வித்தியாசத்தை அளந்தால் கேமரா உண்மை சொல்கிறதா என்று தெரியும். முடிந்ததும் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள், குவாலிட்டி டிபார்ட்மென்ட்காரர் அப்புறம் கேஜ் தர மாட்டார்.

பிறகு நிஜப் பார்ட்டுகளோடு காலை ஷிஃப்டில், நண்பகலில், நைட் ஷிஃப்டில் எடுத்துப் பாருங்கள். கூலன்ட் சொட்டச் சொட்ட இருக்கும் பார்ட், காய்ந்த பார்ட், கொஞ்சம் துரு ஏறிய பார்ட் மூன்றும் வேண்டும். சப்ளையர் துடைத்துக் கொண்டுவந்த சாம்பிளை வைத்து மட்டும் டியூன் செய்த லைன் முதல் வாரத்திலேயே நின்றுவிடும்.

படி 10: எழுதி வையுங்கள்

பார்ட் பெயர், தேதி, கேமரா உயரம் போட்டு செட்டிங் ஃபைலைச் சேமியுங்கள். ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி ரெசிபி, பி.எல்.சி. (லைனை இயக்கும் கண்ட்ரோலர்) அதை எண்ணால் அழைக்கட்டும். லென்ஸ் வளையம் நின்ற இடத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். ஒரு பம்ப் ஹவுசிங்கைத் தனியாக எடுத்து, ஃபிக்ஸரில் ஒரே மாதிரி உட்காரும்படி செய்து, வாரம் ஒரு முறை ஆபரேட்டரையே படமெடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஞ்சின் பிக்சல் எண் 200-இலிருந்து 170-க்கு இறங்கியிருந்தால், செட்டிங்கில் கை வைக்காமல், முதலில் கேமரா கண்ணாடியையும் புரொஜெக்டர் கண்ணாடியையும் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கூலன்ட் புகை படியும் இடங்களில் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.